வெறுங்காலோடு வண்டி ஏறியவர்

அந்த சர்வீஸ் சென்டரில் எல்லோரும் காருக்கு முன்னால் போய் நின்று பானெட்டைத் திறக்கச் சொல்வார்கள். அவர் மட்டும் கதவைத் திறப்பார். கருப்பு ஷூவைக் கழற்றி, சாக்ஸை உருவி அதற்குள் திணித்து, சோடியாகத் தரையில் வைத்துவிட்டு, வெறுங்காலோடு ஏறி உட்கார்வார். ஏசியை அணைக்கச் சொல்வார். பாட்டை நிறுத்தச் சொல்வார். ஓட்டுகிறவர் பேசிக்கொண்டே ஓட்டுகிற ஆளாக இருந்தால் அவரையும் நிறுத்தச் சொல்வார். என்னை நிறுத்தச் சொன்னார். முப்பது வருடமாக வகுப்பில் மற்றவர்களைப் பேசாதே என்று சொல்லிச் சம்பளம் வாங்குகிறவன் நான்.

"ரெண்டு நிமிஷம் சார். வண்டி ஏதோ சொல்லுது."

ஏழெட்டு வருடம் இருக்கும். பெரம்பலூரில் நெடுஞ்சாலையை ஒட்டியிருந்த அந்த சர்வீஸ் சென்டரில் அவருக்கு அட்வைசர் வேலை. வண்டிக்காரருக்கும் மெக்கானிக்குக்கும் நடுவில் நிற்கிற வேலை அது. நாம் சொல்லும் குறையைக் கேட்டு, எது போயிருக்கிறது, மாற்ற எவ்வளவு ஆகும் என்று எஸ்டிமேட் போட்டு, நம்மிடம் கையெழுத்து வாங்க வேண்டும். அவருக்கு முப்பது வயதுகூட ஆகியிருக்காது. சாம்பல் நிறச் சட்டையில் பெயர் குத்தியிருக்கும். அந்தப் பெயர் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது; எழுதப்போவதில்லை. தன்னைப் பற்றிப் பேச்செடுத்தாலே வண்டிப் பக்கம் திருப்பிவிடுகிறவர் அவர். கேட்காமல் எழுதினால் கோபித்துக்கொள்வார்.

அன்றைக்கு நான் போனது வெறும் ஆயில் மாற்றுவதற்கு. சாலையில் ஒரு கிலோமீட்டர் ஓட்டவைத்தார். பின்சீட்டில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தூங்குகிறாரோ என்றுகூட நினைத்தேன். திரும்பி வந்ததும் ஷூவை மாட்டிக்கொண்டே சொன்னார்:

"முன்னாடி வலது பக்கம் லிங்க் ராடு லேசா ஆட ஆரம்பிச்சிருக்கு சார். ஆயிரத்துச் சொச்சம் ஆவும். இப்ப மாத்த வேணாம். மூணு மாசம் போனா உங்க காதுக்கே கேக்கும், அப்ப வாங்க."

"உங்களுக்கு இப்பவே எப்படிம்மா கேக்குது?"

"காதுல கேக்கலை சார். காலுல கேக்குது."

மேடுபள்ளத்தில் வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடாமல் பிடித்துக்கொள்கிற சாண் நீளக் கம்பிதான் லிங்க் ராடு. அது ஆடுவது பாதத்துக்குத் தெரிகிறதாம். நான் மனதுக்குள் சிரித்துக்கொண்டேன். மெக்கானிக் சொல்வதில் பாதி பொய், சர்வீஸ் சென்டர் சொல்வது முழுப் பொய் என்பது அதுவரை என் கட்சி. ஆனால் ஒன்று மட்டும் உறுத்தியது. மாற்ற வேண்டாம் என்று சொல்லிப் பிழைத்த சர்வீஸ் சென்டரை நான் கேள்விப்பட்டதில்லை.

மூன்று மாதத்துக்கு நான்கைந்து நாள் குறைவாக இருக்கும்போது, தா.பழூர் போகிற வழியில் ஒரு வேகத்தடையில் இறங்குகையில், முன்னால் வலது பக்கத்திலிருந்து 'டொக்' என்று கேட்டது. நான் வண்டியை ஓரமாக நிறுத்தி, விரல்விட்டு நாட்களை எண்ணிப் பார்த்தேன்.

நான் கணக்கு வாத்தியார். ஒரு தடவை சரியாக வந்தால் குருட்டாம்போக்கு என்பேன். அதற்கப்புறம் அவரைப் பரீட்சை பண்ணுவதற்காகவே போக ஆரம்பித்தேன். என் வண்டிக்கு வேலை இல்லாவிட்டாலும், டயருக்குக் காற்றுப் பார்க்கிற சாக்கில் போய், அங்கே போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்து, அவர் மற்றவர்கள் வண்டியில் ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அங்கே கொடுக்கிற டீ நன்றாக இருக்காது. அதைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

ஒரு மக்காச்சோள வியாபாரி வந்தார். பெரம்பலூர்ப் பக்கத்து ஆள். புது வண்டி, ஆறு மாதம்கூட ஆகவில்லை. டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்து எரிந்து அணைகிறது. கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்த பையன்கள், ஏதோ சென்சார் போய்விட்டது, ஏழாயிரம் ஆகும் என்று எழுதி வைத்திருந்தார்கள். இவர் ஷூவைக் கழற்றிவிட்டு முன்சீட்டில் ஏறினார். வண்டியைக் கிளப்பக்கூட இல்லை. காலைத் தரையில் இப்படியும் அப்படியும் தேய்த்தார். மிதியடிக்கு அடியில் விரலை விட்டார். கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் இடுக்கி எதையோ எடுத்தார். ஒரு மக்காச்சோள மணி. அதன் கூர்முனை மட்டும் கடிக்கப்பட்டிருந்தது.

"வண்டியை எங்கங்க நிறுத்துறீங்க?"

"வூட்டுல இடம் இல்லம்மா. குடோன்லதான், சோள மூட்டைக்குப் பக்கத்துல."

"எலி உள்ள குடித்தனம் பண்ணுது. சென்சார் நல்லாத்தான் இருக்கும். அதுக்குப் போற ஒயரைப் பாருங்கடா" என்றார் பையன்களைப் பார்த்து.

ஒயர் கடிபட்டிருந்தது. ஒட்டிச் சுற்றிவிட நானூறு ரூபாய். வியாபாரி அந்த மணியை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனார். வீட்டில் காட்டுவதற்காக இருக்கும்.

"பார்ட்டு செத்துருச்சுன்னு கம்ப்யூட்டர் சொல்லிடும் சார். யாரு கொன்னதுன்னு நாமதான் பாக்கணும். கொன்னவனை உள்ள வச்சிக்கிட்டே புதுசு மாட்டினா அதையும் கொல்லுவான்." இது அவர் அடிக்கடி சொல்வது. எஸ்டிமேட் போடும்போது ஒவ்வொரு வரியிலும் பேனாவை நிறுத்தி, "இதைக் கொன்னது யாரு?" என்று முணுமுணுப்பார். விடை தெரிந்தால் எழுதுவார். தெரியாவிட்டால் அந்த வரியை அடித்துவிட்டு, "எனக்கு இன்னும் தெரியலைங்க" என்பார். 'தெரியவில்லை' என்று அவ்வளவு வெளிப்படையாகச் சொல்கிறவரை நான் எங்கள் ஆசிரியர் ஓய்வறையில் பார்த்ததில்லை. என்னையும் சேர்த்துத்தான்.

அவர் வெறுங்காலோடு ஏறுவதைப் பார்த்துச் சிலர், பக்தியில் செய்கிறார் என்று நினைத்துவிடுவார்கள். திருமழபாடியிலிருந்து வந்த பெரியவர் ஒருவர், இந்தப் பொண்ணே வண்டியைச் சாமியாக நினைக்கும்போது நாம் செருப்போடு ஏறலாமா என்று, தானும் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி, சர்வீஸ் முடிந்து அப்படியே ஊருக்கு ஓட்டிக்கொண்டு போய்விட்டார். செருப்பு ஒரு வாரம் வரவேற்பு மேசைக்கு அடியில் கிடந்தது. போன் செய்து சொன்னதற்கு, "இருக்கட்டும்மா, நல்ல இடத்துலதான் விட்டுட்டு வந்திருக்கேன்" என்றாராம். அதை எனக்குச் சொல்லும்போது இவர் சிரித்த சிரிப்பில் எதிரில் நின்ற பையன்களும் வேலையை விட்டுவிட்டுச் சிரித்தார்கள்.

இந்தப் பழக்கம் எப்படி வந்தது என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். அன்றைக்கு மழை, கூட்டமில்லை.

"பாலிடெக்னிக்ல எங்க கிளாஸ்ல நான் ஒருத்திதான் பொண்ணு சார். லேப்ல ஒரே ஒரு வண்டி. பானெட்டைத் திறந்தா சுத்தி அத்தனை பசங்களும் நிப்பாங்க. எட்டிப் பாக்கக்கூட எடம் கிடைக்காது. உள்ள மட்டும் யாரும் உக்கார மாட்டாங்க, சீட்டு காலியா இருக்கும். நான் போய் உக்காந்துடுவேன். வரதராஜன்பேட்டையிலேர்ந்து பஸ்ஸுல நின்னுக்கிட்டே வர்றேனா, காலு வலிக்கும், செருப்பைக் கழட்டிப் போட்டுடுவேன். வாத்தியார் வெளிய இன்ஜினை முடுக்குவாரு. உள்ள எனக்குக் காலுல வரும். அப்படியே பழகிப்போச்சு. ஒங்க வண்டிக்கு ஏசி பில்டர் மாத்தி எவ்வளவு நாளாச்சு சார்?"

பேச்சு வண்டிக்குப் போய்விட்டது.

இங்கே என் காலைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். எனக்கு இடது கால் இளம்பிள்ளை வாதத்தில் போனது. முழங்காலுக்குக் கீழே மெலிந்து, இரும்புப் பட்டை வைத்த பூட்ஸுக்குள் இருக்கும். இருபது வருடம் பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டரில்தான் பள்ளிக்கூடம் போனேன். அரியலூர்ச் சாலையில் சிமெண்ட் லாரிக்குப் பின்னால் மழைக்காலத்தில் ஸ்கூட்டரில் போனவர்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றினால் அது தனியாக நிற்கும்.

கிளட்ச் இல்லாமல் தானாகக் கியர் மாறுகிற சின்னக் கார்கள் வந்தபோதுதான், ஒரு கால் போதும் என்று எனக்குத் தெரிந்தது. ஓட்டுநர் உரிமத்துக்கு அலைந்ததை எழுதினால் அதுவே ஒரு புத்தகமாகிவிடும். வாங்கிவிட்டேன். வண்டி வந்த மறுநாள் மனைவியைப் பக்கத்தில் உட்காரவைத்து கொள்ளிடக்கரை வரைக்கும் ஓட்டிக்கொண்டு போனேன். அதுவரை வெளியூர் என்றால் என்னைப் பஸ்ஸில் ஏற்றி இறக்குவது அவள் வேலை. நான் அவளை ஓர் இடத்துக்கு அழைத்துக்கொண்டு போனது அன்றைக்குத்தான் முதல் தடவை. கல்யாணமாகிப் பதினாறு வருடம் ஆகியிருந்தது.

அதனால் அந்த வண்டியை எப்படி வைத்திருந்தேன் என்று கேட்க வேண்டாம். சிமெண்ட் ஆலைகள் சூழ்ந்த அரியலூரில், எங்கள் தெருவில் ராத்திரி நிறுத்தினால் காலையில் வண்டியின்மேல் சாம்பல் நிறத்தில் சிமெண்ட் தூசி படிந்திருக்கும். துணியால் துடைத்தால் பெயிண்டில் கீறல் விழும் என்று, தினமும் விடியற்காலையில் குழாயைப் பிடித்துத் தண்ணீர் அடித்துவிடுவேன். முதலில் கூரை, பிறகு முன்கண்ணாடி, பிறகு பானெட். மழை பெய்த மறுநாள்கூட விட்டதில்லை. தெருவில் எல்லோரும் அப்படித்தான் கழுவுவார்கள், ஆனால் என் அளவுக்கு யாரும் கழுவியதில்லை. பள்ளிக்கூடத்தில் பெருமையாகச் சொல்லிக்கொள்வேன்.

ஐந்தாவது வருடம் வண்டி காலை வேளைகளில் மக்கர் பண்ண ஆரம்பித்தது. போய்க்கொண்டிருக்கும்போதே கியர் விட்டுப்போகும். திரையில் நியூட்ரலைக் குறிக்கிற 'N' எழுத்து விட்டு விட்டு மின்னும். ஆக்சிலேட்டரை மிதித்தால் இன்ஜின் கத்தும், வண்டி நகராது. அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் காத்திருந்து கிளப்பினால் போகும். மத்தியானம் ஒரு குறையும் இருக்காது. பள்ளிக்கூடம் விட்டு, பெரம்பலூருக்கு எடுத்துக்கொண்டு போனால் வண்டி தங்கமாக ஓடும். பையன்கள் கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்துவிட்டு, பழைய எரர் ஒன்று இருக்கிறது, அழித்துவிட்டோம் சார் என்பார்கள். மூன்று தடவை அழித்தார்கள்.

அவரும் ஏறிப் பார்த்தார். முன்னால் இடது பக்கம் வெகுநேரம் காலை வைத்திருந்தார்.

"மிதியடிக்கு அடியில சில்லுனு இருக்கு சார். ஆனா இவ்வளவு தூரம் ஏசி போட்டு வந்திருக்கீங்க. ஏசித் தண்ணியாவும் இருக்கலாம். எனக்கு இன்னும் தெரியலை."

அந்த வாரம் ஒருநாள் காலை, மனைவியோடு அரியலூர் ரயில்வே கேட்டைத் தாண்டும்போது கியர் விட்டுப்போனது. தண்டவாளத்தைத் தாண்டிவிட்டோம், ஆனால் பின்னால் வந்த லாரி தாண்டவில்லை. அதன் முகம் என் பின்கண்ணாடி முழுவதையும் அடைத்துக்கொண்டு நின்றது. லாரி தண்டவாளத்தின்மேல். ஹாரன் விடாமல் அடித்தது. நான் கதவைத் திறந்து, பூட்ஸ் காலை ஊன்றி, வண்டியைத் தள்ளப் பார்த்தேன். என்னால் முடியாது என்று எனக்குத் தெரியும். எல்லோரும் பார்த்தார்கள். மனைவி இறங்கி ஒரு கை வைத்தாள். டீக்கடையிலிருந்து நாலு பேர் ஓடிவந்து ஓரத்துக்குத் தள்ளினார்கள். அவர்களில் ஒருவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்: "ஒங்களுக்கெல்லாம் எதுக்கு சார் காரு? பேசாம ஆள் வச்சி ஓட்டச் சொல்லுங்க."

அன்றைக்கு சர்வீஸ் சென்டர் மேனேஜரே எஸ்டிமேட் போட்டார். கியர் மாற்றுகிற மெஷினை முழுசாக மாற்ற வேண்டும். கூலியோடு ஐம்பத்தெட்டாயிரம்.

"மாத்தினா சரியாயிடுமாங்க?"

"ஆயிடணும் சார்."

கணக்கில் 'ஆயிடணும்' என்று ஒரு விடை கிடையாது. நான் பக்கத்தில் நின்ற அவரைப் பார்த்தேன். எஸ்டிமேட்டில் அட்வைசர் கையெழுத்து போட வேண்டிய இடம் காலியாக இருந்தது.

"தெரியாம மாத்தச் சொல்லி என்னால கையெழுத்து போட முடியலை சார்" என்றார் மேனேஜரிடம், சத்தமில்லாமல்.

"கம்ப்யூட்டர் சொல்லுதுல்ல?"

"அது செத்ததைச் சொல்லுது. கொன்னதைச் சொல்லலை."

மேனேஜர் என் பக்கம் திரும்பி, "எங்க மேடம் காலால ஜோசியம் பாப்பாங்க சார், நீங்க யோசிச்சு திங்கக்கிழமை சொல்லுங்க" என்றார். அந்த இடத்தில் எல்லோர் முன்னாலும் அதைச் சொல்லியிருக்க வேண்டாம். இவர் குனிந்து ஷூ லேஸைக் கட்டினார்.

ஐம்பத்தெட்டாயிரத்தைக் கடன் வாங்கிப் போடலாம். போட்ட பிறகும் ரயில்வே கேட்டில் நின்றால் என்ன செய்வது என்பதுதான் என் பயம். சனிக்கிழமை சாயந்திரம் கொல்லைப்பக்கம் காற்றடிக்கிற சத்தம் கேட்டது. மனைவி, ஐந்து வருடமாக மூலையில் கிடந்த என் பழைய ஸ்கூட்டரைத் துடைத்து, அதன் சக்கரங்களுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தாள். நான் பார்த்துவிட்டு உள்ளே திரும்பிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறேகால் மணிக்கு வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். அவர்தான். சுடிதாரில் நின்றதால் முதலில் அடையாளம் தெரியவில்லை. பெரம்பலூரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருக்கிறார். வாரத்தில் அவருக்கு அந்த ஒருநாள்தான் லீவு.

"எங்கிட்ட வர்றப்பல்லாம் வண்டிக்கு மத்தியானம் ஆயிடுது சார். அதுக்குக் காலையிலதான ஒடம்பு சரியில்லை. காலையில பாக்கலாம்னு வந்தேன். தினமும் என்ன செய்வீங்களோ அதை அப்படியே செய்யுங்க. நான் இருக்கேன்னு நெனைக்காதீங்க."

தினமும் செய்வதைச் செய்தேன். குழாயை எடுத்தேன். பார்க்கிறவர் இருக்கிற உற்சாகத்தில் கொஞ்சம் கூடுதலாகவே தண்ணீர் அடித்தேன். கூரை, முன்கண்ணாடி, பானெட். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு முன்னால் இடது பக்கம் ஏறி, மிதியடியைத் தூக்கிப் பின்னால் போட்டுவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் முன்கண்ணாடிக்குத் தண்ணீர் அடிக்கும்போது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் கண்ணை மூடியபடி இருப்பது மங்கலாகத் தெரிந்தது. ஐந்து நிமிடம் இருக்கும். கண்ணைத் திறந்தார். கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். கதவைத் திறந்தார்.

"அக்கா, கொஞ்சம் வாங்களேன்" என்று என் மனைவியைக் கூப்பிட்டார். "நீங்கதான எப்பவும் இந்தப் பக்கம் உக்காருவீங்க. செருப்பு இல்லாம ஒங்க காலை இங்க வைங்க."

மனைவி வைத்தாள். உடனே எடுத்தாள். "ஐயோ, தண்ணியா ஓடுது" என்றாள்.

அவர் இறங்கி வந்து, முன்கண்ணாடிக்குக் கீழே வைப்பர் முளைக்கிற இடத்தில் இருந்த கருப்பு பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினார். உள்ளே ஒரு பள்ளம். கண்ணாடியில் விழுகிற தண்ணீர் அதில் இறங்கி, இரண்டு ஓரத்திலும் இருக்கிற ஓட்டை வழியாகக் கீழே போக வேண்டும். அந்தப் பள்ளம் முழுவதும் சிமெண்ட் தளம். கரண்டி போட்டு இழைத்த மாதிரி வழவழப்பாக இருந்தது. ஓட்டைகள் இருந்த இடமே தெரியவில்லை. தினமும் தூசியும் தண்ணீருமாகக் கலந்து கலந்து, ஐந்து வருடமாக நான் என் கையாலேயே பூசியிருக்கிறேன். கீழே போக வழியில்லாத தண்ணீர் ஏசிக்குக் காற்று போகிற வழியில் புகுந்து, உள்ளே இடது பக்கம் இறங்கி, கியருக்குப் போகிற ஒயர்களின் இணைப்பு இருக்கிற பெட்டியில் சொட்டியிருக்கிறது. மத்தியான வெயிலில் அது காய்ந்துவிடும். மறுநாள் காலையில் நான் மறுபடி தண்ணீர் அடிப்பேன்.

அவர் ஸ்க்ரூடிரைவரால் தளத்தைத் தட்டிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். சிரிப்பை அடக்குகிறார் என்று தெரிந்தது.

"வாத்தியார் வேலை போனாலும் ஒங்களுக்குக் கொத்தனார் வேலை இருக்கு சார்."

என் மனைவி சிரித்தாள். நானும் சிரிக்கத்தான் பார்த்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. குற்றவாளி நானே என்கிற வெட்கம் ஒரு பக்கம். அதைவிட, ஒரு மனுஷி தன் லீவுநாளில் விடியற்காலையில் பஸ் ஏறி வந்து, ஈரத்தில் காலை வைத்துக்கொண்டு, எங்கோ ஒரு சொட்டு விழுவதற்காகக் கண்ணை மூடிக் காத்திருந்திருக்கிறாரே என்கிற பிரமிப்பு. கோயிலில்கூட நான் அப்படிக் காத்திருந்ததில்லை.

தளத்தை உடைத்து எடுக்க ஒரு மணி நேரம் ஆனது. இணைப்புகளைப் பிரித்து, பச்சைப் பாசி பிடித்தமாதிரி இருந்த ஊசிகளைத் துடைத்து, ஒரு ஸ்பிரே அடித்து, என் மகளின் தலை காயவைக்கிற மெஷினால் காயவைத்தார். ஸ்பிரே முந்நூற்றைம்பது ரூபாய்; ரசீதோடு கொண்டுவந்திருந்தார். அதற்குமேல் வாங்க மாட்டேன் என்றுவிட்டார். இட்லி மட்டும் சாப்பிட்டார். ஆறு.

பிறகு ஓட்டிப் பார்க்கக் கிளம்பினோம். நான் ஓட்ட, அவர் பக்கத்தில். ரயில்வே கேட்டைத் தாண்டி, திரும்ப ஒரு முறை தாண்டினோம். கியர் விடவே இல்லை. தாண்டியபின் அவர் என் காலைப் பார்த்தார். அதாவது பூட்ஸை.

"ஒண்ணு கேக்கலாமா சார்? கோவிச்சுக்கக் கூடாது. அந்தக் காலுல உணர்ச்சி இருக்கா?"

என் காலைப் பற்றி அதுவரை என்னிடம் கேட்டவர்கள் எல்லோரும் எப்படி ஆச்சு, எந்த வயசுல, ஆஸ்பத்திரியில காட்டலையா என்றுதான் கேட்டிருக்கிறார்கள். இப்படி யாரும் கேட்டதில்லை. கோபம் வந்தது. ஆனால் அவர் முகம் வண்டியைப் பற்றிக் கேட்கும்போது இருக்கிற மாதிரியே இருந்தது.

"உணர்ச்சியெல்லாம் நல்லா இருக்கு. பலம்தான் இல்ல."

"அப்ப ஏன் சார் அதைப் போட்டு அடைச்சு வச்சிருக்கீங்க? கியர் வண்டிக்காரங்களுக்கு எடது காலு எப்பவும் கிளட்ச்சுல மாட்டிக்கிட்டிருக்கும். ஒங்க காலு சும்மாத்தான இருக்கு. கழட்டிட்டுத் தரையில வைங்க. எல்லாம் சொல்லும்."

வீட்டுக்கு வெளியே பூட்ஸைக் கழற்றுவதில்லை என்பது பள்ளிக்கூடத்தில் படித்த காலத்திலேயே நான் எடுத்துக்கொண்ட முடிவு. கால்சட்டை மேலே ஏறினால்கூடக் கை தானாகப் போய் இழுத்துவிடும். அவரை பஸ் நிலையத்தில் இறக்கிவிட்டேன். ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு, பஸ் கிளம்புவதற்குள் செருப்பைக் கழற்றியிருப்பார் என்று தோன்றியது.

அடுத்த சர்வீசுக்குப் போனபோது அவர் மேசையில் வேறொருவர் இருந்தார். மேனேஜரைக் கேட்டேன். ஓசூர்ப் பக்கம் ஏதோ கம்பெனியில் நல்ல வேலை கிடைத்துப் போய்விட்டார் என்றார். வாசல் செக்யூரிட்டி, "எஸ்டிமேட்டு கம்மியாப் போட்டா எப்படி சார் வச்சிருப்பாங்க" என்றார். எது உண்மை என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவர் போன் நம்பர் என்னிடம் இல்லை. கேட்டு வாங்காமல் விட்டது என் மடத்தனம்.

பூட்ஸைக் கழற்றி ஓட்டியது அதற்கும் ஒரு வருடம் கழித்து. யாருமில்லாத ஒரு மத்தியானம், தா.பழூரிலிருந்து தனியாக வரும்போது. முதலில் ஒன்றும் தெரியவில்லை. வெறும் அதிர்வு. சில வாரம் போனதும் அந்த அதிர்வில் ரகங்கள் தெரிய ஆரம்பித்தன. தார் ஒன்று, சிமெண்ட் சாலை ஒன்று. டயரில் காற்று குறைந்தால் ஒன்று. லாரிக்குப் பக்கத்தில் போகும்போது லாரியின் இன்ஜின்கூட என் பாதத்துக்குக் கேட்டது. நாற்பத்துச் சொச்சம் வருடமாக ஊருக்கும் எனக்கும் உதவாத கால் என்று நான் முடிவுகட்டி வைத்திருந்த ஒன்று, என் உடம்பிலேயே நன்றாகக் கேட்கிற உறுப்பாக இருந்தது. இதை எழுதும்போதுகூட எனக்கு மயிர்க்கூச்செறிகிறது.

போன மாதம் மனைவியோடு திருமழபாடிக்குக் கிளம்பினோம். ஊர் எல்லை தாண்டியதும் இடது பாதத்தில் ஒரு சின்ன நடுக்கம். நேற்று இல்லாதது. மேட்டில் இல்லை, வளைவில் மட்டும் வருகிறது. மனைவியைக் கேட்டேன், ஒன்றும் கேட்கவில்லை என்றாள். கொள்ளிடக்கரைச் சாலை பூராவும் வளைவுகள். நான் வண்டியைத் திருப்பி, மெதுவாக உருட்டிக்கொண்டு நேராகப் பெரம்பலூருக்குப் போனேன்.

இப்போது இருக்கிற அட்வைசர் மரியாதையான பையன். கம்ப்யூட்டரை மாட்டினான். "எல்லாம் கிளியரா இருக்கு சார். ஒண்ணுமில்ல" என்றான்.

"முன்னாடி இடது பக்கம் சக்கரத்தைக் கழட்டிப் பாருப்பா."

"சத்தம் எதுவும் வரலையே சார்."

"கழட்டிப் பாரு. கூலி நான் தர்றேன்."

வாசலிலேயே ஜாக்கி போட்டுக் கழற்றினார்கள். சக்கரத்தைத் தாங்குகிற 'லோயர் ஆர்ம்' என்கிற இரும்புக் கையின் முனையில் இருக்கிற உருண்டைக் குண்டு, அதன் குழியிலிருந்து பாதி வெளியே வந்திருந்தது. இன்னும் கொஞ்ச தூரம் போயிருந்தால் ஏதாவது ஒரு வளைவில் சக்கரம் மடிந்திருக்கும். பழைய மெக்கானிக் ஒருவர் அதை ஆட்டிப் பார்த்துவிட்டு, அந்தப் பக்கம் உட்கார்ந்து வந்த என் மனைவியை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்.

"ரெண்டாயிரத்து எண்ணூறு ஆவும் சார், கூலியோட" என்ற அட்வைசர் பேனாவை எழுதாமல் வைத்துக்கொண்டு நின்றான். "எப்படி சார் கண்டுபிடிச்சீங்க?"

நான் ஓட்டுநர் சீட்டில்தான் உட்கார்ந்திருந்தேன். பூட்ஸ் பின்சீட்டில் கிடந்தது. சுற்றிலும் ஏழெட்டுப் பேர். வழக்கமாக என் கை கால்சட்டைப் பக்கம் போயிருக்கும். கதவை நன்றாகத் திறந்து, இரண்டு கையாலும் இடது காலைத் தூக்கி வெளியே, வெயிலில், அவன் முன்னால் வைத்தேன்.

"இது சொல்லிச்சு" என்றேன்.

அவன் அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தான். மற்றவர்களும் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று வைத்திருந்தேன்.